சாரம் கட்டிய கோபுரம்

2017 பிப்ரவரி 6 குடமுழுக்குக்கு முன் திருப்பணி நடந்த நாள்களில் திருவண்ணாமலை அண்ணாமலையார் கோயில் கோபுரங்களைச் சாரம் சுற்றியிருந்தது. நெட்டுக் கம்பும் குறுக்குக் கம்பும் கட்டுக்கட்டாக மேலேறி, கோபுரத்தின் வடிவத்தை வெறும் கோடுகளால் காட்டின. கணினியில் 'வயர்ஃபிரேம்' என்றால் என்ன என்று கேட்கும் மாணவர்களுக்கு நான் அந்தச் சாரத்தைத்தான் நினைவூட்டுகிறேன். அதில் சுவர் இல்லை, வண்ணம் இல்லை. முனைகளும் அவற்றை இணைக்கும் கோடுகளும் மட்டுமே உண்டு.

நான் வரைபடம் பழகிய காலத்தில் டிரேசிங் தாள், டி-ஸ்கொயர், மைப்பேனா இவைதான் கருவிகள். கிழக்கு ராஜகோபுரம் 217 அடி உயரம், 11 நிலை. அதைப் பக்கவாட்டிலிருந்து பார்ப்பதுபோல வரைய வேண்டுமானால் முன்பக்கம், பின்பக்கம் எல்லாவற்றையும் முதலில் பென்சிலில் இழுப்போம். பிறகு கண்ணுக்குத் தெரியும் கோட்டுக்கு மட்டும் மை. மறையும் கோட்டில் மை பட்டுவிட்டால் அரை பிளேடால் மெல்லச் சுரண்டி எடுக்க வேண்டும். ஒருமுறை நான் அழுத்திச் சுரண்டியதில் மூன்றாம் நிலையின் மூலையில் தாள் பொத்தலானது. நான்கு நாள் வேலை போயிற்று. ஆனால் எந்த விளிம்பு எதை மறைக்கிறது என்பது அந்த நான்கு நாளில் மனத்தில் பதிந்துவிட்டது.

நாங்கள் பிளேடால் செய்ததைக் கணக்கால் செய்யும் வழி எங்கோ பிறந்திருந்தது. 1963இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஐவன் சதர்லேண்ட் திரையில் கோடு வரையும் 'ஸ்கெட்ச்பேட்' நிரலை உருவாக்கினார். அதே ஆண்டு அங்கேயே லாரன்ஸ் ராபர்ட்ஸ், மறையும் கோடுகளைக் கணினியே கண்டறியும் முறையை எழுதினார். 1982இல் ஆட்டோகேட் என்ற வரைபட மென்பொருள் வந்தது.

இன்று மாணவர் ஒரு நிலையை வரைகிறார், நகலெடுக்கிறார், சுருக்குகிறார். சில நிமிடங்களில் 11 நிலையும் எழும்பிவிடுகின்றன. முதலில் எல்லாக் கோடுகளும் ஒன்றின்மேல் ஒன்றாகச் சிக்கிக் கிடக்கும். நமக்கு முதுகு காட்டும் பரப்புகளைக் கணினி ஒதுக்குகிறது. மிச்சத்தில் எது முன்னால் நிற்கிறது என்று கணக்கிடுகிறது. ஒரே கட்டளையில் சிக்கல் தெளிகிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சிதான்.

கவலை வேறிடத்தில். ஒரு நிலையை மட்டும் அளந்துவிட்டு மற்ற பத்தையும் சுருக்கி அடுக்கினால், திரையில் நிற்பது ராஜகோபுரம் அல்ல, நம் ஊகம். 1990இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் இந்தக் கோயிலின் தொல்லியல் பற்றித் தனித் தொகுதியே வெளியிட்டார்கள். பியர் பிச்சார் என்ற கட்டடக் கலைஞர் அதில் பங்கேற்றார். ஊகிக்காமல் இடத்தை ஆராயும் அந்தப் பொறுமை நம் பிள்ளைகளுக்கும் வர வேண்டும்.

இப்போது கைபேசிப் படங்கள் பலவற்றை இணைத்து, சுதைச் சிற்பங்களைக்கூட ஆயிரக்கணக்கான முக்கோணங்களாகத் திரையில் எழுப்பலாம். ஆனால் தெருவில் நின்று எடுத்த படத்தில், வெளியே நீளும் கூரை விளிம்பான கபோதத்தின் மேற்பரப்பு விழாது. மாதிரியில் அந்த இடம் ஓட்டையாகவே நிற்கும். படத்தில் விழாததைக் கணினி அறியாது. சாரம் நிற்கும் நாள்கள்தான் கலசம்வரை கை எட்டும் நாள்கள். அடுத்த திருப்பணியில் கம்புகளை அவிழ்ப்பதற்கு முன், டேப்பும் கேமராவுமாக நம் மாணவர்கள் நிலை நிலையாக ஏறிவிட வேண்டும்.