நீர்ப்பகுப்பில் உலோக-கரிமக் கட்டமைப்புகள்: எது வினையூக்கி?

முன்னுரை

திண்டுக்கல் மாவட்டத்து நத்தம் போன்ற வெயில் மிகுந்த பகுதிகளில் பகலில் கிடைக்கும் சூரிய மின்சாரம் இரவில் கிடைப்பதில்லை. பகல் மின்சாரத்தால் நீரைப் பகுத்து, ஹைட்ரஜனாகச் சேமித்து வைப்பது இதற்கு ஒரு தீர்வாகும். 2023இல் ஒப்புதல் பெற்ற தேசிய பசுமை ஹைட்ரஜன் இயக்கம், 2030ஆம் ஆண்டுக்குள் ஆண்டுக்கு 50 லட்சம் டன் உற்பத்தித் திறனை இலக்காகக் கொண்டுள்ளது. இவ்விலக்கை எட்டுவதில் உள்ள தடைகளுள் ஒன்று வினையூக்கியின் விலை.

வினையூக்கியின் தேவை

நீரைப் பகுக்கக் கோட்பாட்டளவில் 1.23 வோல்ட் போதுமானது. நடைமுறையில் கூடுதலாகத் தேவைப்படும் அளவு மிகை மின்னழுத்தம் எனப்படும். நேர்மின்வாயில் ஓர் ஆக்ஸிஜன் மூலக்கூறு உருவாக நான்கு எலக்ட்ரான்கள் இடம்பெயர வேண்டும். ஆதலால் அவ்வினை மெதுவாக நிகழ்கிறது. அதனை விரைவுபடுத்தும் இரிடியம், ருத்தேனியம் ஆகியவற்றின் ஆக்சைடுகள் அரியவை; விலை மிக்கவை. எனவே கோபால்ட், நிக்கல், இரும்பு ஆகியவற்றைக் கொண்ட பொருள்கள் ஆராயப்படுகின்றன.

கட்டமைப்பின் இயல்பு

உலோக அயனிகளைக் கரிம மூலக்கூறுகள் பிணைப்பதால் உருவாகும் நுண்துளைப் படிகமே உலோக-கரிமக் கட்டமைப்பு. இத்துறைக்கு அடித்தளமிட்ட கிட்டகாவா, ராப்சன், யாகி ஆகியோர் 2025இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றனர். சில கட்டமைப்புகளில் ஒரு கிராமின் உட்பரப்பு 3,000 சதுர மீட்டரையும் கடக்கும். எனினும் இவற்றுட் பெரும்பாலானவை மின்சாரத்தை எளிதில் கடத்துவதில்லை.

காரைக்குடி ஆய்வுகள்

காரைக்குடியிலுள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்தார், கோபால்ட் அயனிகளை மெத்தில் இமிடசோல் பிணைக்கும் இசட்.ஐ.எஃப்.-67 என்னும் கட்டமைப்பில் இரும்பைச் சேர்த்து, நுண்ணிழைகளாக்கி, நீர்ப்பகுப்பிற்குப் பயன்படுத்தியுள்ளனர். வினையூக்கிகளை மதிப்பிடும் அளவைகள் சரியாகக் கையாளப்படுகின்றனவா என்பதையும் இந்நிறுவன ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட கட்டுரையொன்றில் சீர்தூக்கினர்.

எது வினையூக்கி?

காரக் கரைசலில் மின்னழுத்தம் செலுத்தப்படும்போது இக்கட்டமைப்புகளுட் பல சிதைந்து, உலோக ஆக்ஸிஹைட்ராக்சைடுகளாக மாறுகின்றன. அந்நிலையில் வினையை நிகழ்த்துவது தொடக்கத்தில் இட்ட படிகமன்று; அதிலிருந்து பிறந்த புதுப்பொருளே. இதனால் கட்டமைப்பு பயனற்றதாகிவிடாது. உலோக அணுக்கள் ஒன்றுகூடிக் கட்டியாகாமல் பரவி அமைய அது வார்ப்பாக உதவுகிறது. ஆயினும் வினைக்கு முன் எடுத்த படிக அமைப்பைக் கொண்டே திறனை விளக்குவது பிழையாகும்.

முடிவுரை

ஆகவே மிகை மின்னழுத்தம் குறைந்தது என்று காட்டுவது மட்டும் போதாது. வினைக்குப் பின்னரும், இயலுமாயின் வினை நிகழும்போதும், பொருளின் அமைப்பை ஆராய்தல் வேண்டும். எது வேலை செய்கிறது என்று அறிந்தாலன்றி, அதனை மேம்படுத்தும் வழி புலப்படாது.