இருவராய் நடக்கும் கதிர்காமப் பாதை

கலியுக வரதனாம் கந்தவேளின் திருத்தலங்களுள், அருணகிரிநாதர் திருப்புகழ் பாடிப் பரவிய கதிர்காமம் தனிச் சிறப்புடையது. இலங்கைத் தீவின் தென்கிழக்கே, மாணிக்க கங்கைக் கரையில் அமைந்த அப்பதியை வாகனத்தில் சென்று தரிசிப்போர் பல்லாயிரவர். ஆயினும் யாழ்ப்பாணத்திலிருந்து கால்நடையாகவே சென்றடையும் அடியார் கூட்டம் ஒன்றும் உண்டு. அக்கூட்டத்தில் கணவனும் மனைவியுமாக நடப்போரின் யாத்திரை, இல்லறத்தார் அனைவரும் சிந்திக்கத்தக்கது.

தைப்பூசத்தையொட்டிக் கோலாலம்பூர் ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயத்திலிருந்து புறப்படும் வெள்ளி இரதத்தைத் தொடர்ந்து பத்துமலைவரை நடந்த அனுபவம் நம்மவர் பலருக்கு உண்டு. அது ஓரிரவு நடை. கதிர்காமப் பாதயாத்திரையோ ஏறத்தாழ ஒன்றரை மாத நடை. 500 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவு.

செல்லும் வழி

‘அன்னதானக் கந்தன்’ எனப் போற்றப்படும் தொண்டைமானாறு செல்வச்சந்நிதி முருகன் சந்நிதானத்தில் வேலேந்திப் புறப்படுவது மரபு. அங்கிருந்து வற்றாப்பளை கண்ணகி அம்மன், திருகோணமலை கோணேசப் பெருமான், வெருகல் சித்திரவேலாயுதர், சித்தாண்டி முருகன், மட்டக்களப்பு மாமாங்கேஸ்வரர், சின்னக் கதிர்காமம் எனப்படும் மண்டூர், திருக்கோவில் எனத் தலந்தோறும் வணங்கிக் கிழக்குக் கரையோரமாகப் பாதை செல்லும். பொத்துவிலைக் கடந்து உகந்தை மலையை அடைந்தால், அதற்கப்பால் வனமே.

1983இல் தொடங்கிய உள்நாட்டுப் போர் இந்த வழியை வெகுவாகக் குலைத்தது. வடக்கிலிருந்து நடப்பது இயலாமற் போன காலத்திலும் கிழக்கிலிருந்து அடியார் சிலர் நடந்து மரபைக் காத்தனர். 2009இல் போர் ஓய்ந்தபின் செல்வச்சந்நிதியிலிருந்து புறப்படும் யாத்திரை மீண்டும் உயிர்பெற்றது.

‘சாமி’ என்னும் ஒரே பெயர்

பாதயாத்திரையில் அடியார் ஒருவரையொருவர் ‘சாமி’ என்றே அழைப்பது வழக்கம். செல்வந்தரும் சாமி, கூலி வேலை செய்பவரும் சாமி. வீட்டில் ‘என்னங்க’ என்று விளித்த மனைவிக்குக் கணவனும் ஒரு சாமி. கணவனுக்கு மனைவியும் ஒரு சாமி. விரதம் பூண்ட அந்நாட்களில் இருவரும் முருகனின் இரண்டு அடியார்கள் மட்டுமே.

விடியுமுன் எழுந்து நீராடி, திருநீறணிந்து, வெயில் ஏறுமுன் இயன்றவரை நடக்கின்றனர். நண்பகலில் மரநிழலிலோ கோவில் மண்டபத்திலோ இளைப்பாறல். ஊர்மக்கள் மனமுவந்து இடும் அன்னமே பெரும்பாலும் உணவு. மாலையில் மீண்டும் நடை. இரவில் பாயோ துணியோ விரித்து வெறுந்தரையில் உறக்கம். மாற்றுடை, போர்வை, தண்ணீர்ப் போத்தல், சிறு சமையற்பாத்திரம் ஆகியவற்றுக்கு மேல் சுமப்பவர், சில நாட்களிலேயே தம் மூட்டையைக் குறைக்கக் கற்றுக்கொள்வர்.

இல்லறத்தில் ஒருவர் சுமையை மற்றவர் தாங்கலாம். மூட்டையையும் கைமாற்றிக்கொள்ளலாம். ஆனால் மனைவியின் காலில் எழுந்த கொப்புளத்தைக் கணவன் வாங்கிக்கொள்ள முடியாது. கணவனின் முழங்கால் வலியை மனைவி நடந்து தீர்க்க முடியாது. வேகமாக நடப்பவர் மெதுவாக நடப்பவருக்காக நடையைத் தளர்த்துவதே ஒருவருக்கொருவர் செய்யக்கூடிய உதவி. பல்லாண்டு ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தும் துணையின் நடைவேகத்தை அறியாதவர் நம்மில் எத்தனை பேர்!

உகந்தையில் எடுக்கும் முடிவு

உகந்தையில் குன்றின்மேல் வள்ளியம்மை கோவில் கொண்டிருக்கிறாள். அங்கிருந்து குமண, யால வனங்களின் ஊடே செல்லும் பாதை, ஆண்டுதோறும் திருவிழாவையொட்டிக் குறித்த சில நாட்களுக்கு மட்டுமே திறக்கப்படும். யானை, சிறுத்தை, கரடி, காட்டெருமை உலவும் காடு அது. கடைத்தெரு இல்லை; பேருந்து இல்லை. உலருணவைச் சுமந்து, ஆற்றங்கரைகளில் கூட்டமாகத் தங்கி, பல நாட்கள் நடக்க வேண்டும். கோடையில் நீர்நிலைகள் வற்றிவிடுவதால், தண்ணீரே அங்குப் பெருஞ்செல்வம்.

ஆகவே உகந்தையில்தான் பல தம்பதியருக்கு உண்மையான சோதனை. ஒருவருக்கு உடல் தளர்ந்துவிட்டால் மற்றவர் என்ன செய்வது? தனித்து நடப்பதா, நேர்த்தியை நிறுத்திவிட்டுத் துணையுடன் வாகனம் ஏறுவதா? இவ்வினாவிற்குக் காட்டின் நடுவே விடை தேடலாகாது. புறப்படுமுன் வீட்டுப் பூசையறையிலேயே இருவரும் பேசி ஒருமனப்பட வேண்டும். துணையின் பொருட்டு நின்றுவிடுபவரை முருகன் கைவிடுவான் என்று எந்த அடியாரும் சொல்லத் துணியார். தளர்ந்தவருக்குத் துணையிருப்பதும் தொண்டே அன்றோ!

வள்ளியை நாடிச் செல்லும் வேலவன்

கதிர்காமத்தில் மூலத்தானத்தில் திருவுருவம் காண்பதற்கில்லை. திரைக்கு முன் நின்றே வணங்குகிறோம். கப்புறாளைமார் வாயைத் துணியால் கட்டி மௌனமாகப் பூசை செய்கின்றனர். பௌத்தரும் இஸ்லாமியரும் வேடர் குலத்தாரும் உரிமையுடன் கூடும் தலம் இது. விழாக்கால இரவுகளில் பெருமானின் பேழை யானைமீதேறி வீதியின் மறுகோடியிலுள்ள வள்ளியம்மன் ஆலயத்திற்கு எழுந்தருளுகிறது. தினைப்புனத்துக் குறமகளை நாடித் தெய்வமே நடந்து வந்த மண் என்பது அடியார் நம்பிக்கை. துணையை நாடி நடந்த தெய்வத்தைக் காண, துணையோடு நடந்து வருவதைவிடப் பொருத்தமான வழிபாடு வேறென்ன?

செல்ல விரும்புவோர் கவனத்திற்கு

நீரிழிவு நோயுடையோர்க்குக் காலில் ஏற்படும் சிறு புண்ணும் பெருந்துன்பமாகக்கூடும்; மருத்துவரின் ஆலோசனையின்றிப் புறப்படலாகாது. சில மாதங்களுக்கு முன்பிருந்தே அதிகாலையில் இருவரும் சேர்ந்து நடந்து பழக வேண்டும். காட்டில் குழுவைவிட்டுப் பிரிதலும், நெகிழிப் பைகளை எறிதலும் கூடவே கூடாது. முழுத் தொலைவும் இயலாதவர் உகந்தையில் சேர்ந்துகொள்ளலாம். வனவழி இயலாதவர் கதிர்காமத்தில் காத்திருந்து வருவோரை வரவேற்கலாம். மனத்தூய்மையுடன் செய்யும் எதுவும் அவன் திருவடியையே சேரும்.

இல்லறமும் ஒரு நெடும்பாதையே. அதில் முந்திச் சென்று காத்திருப்பதைவிட, உடன்வருபவரின் நடைக்கு நம் நடையை இசைவிப்பதே அறம். வள்ளி மணாளன் திருவருளால் இல்லந்தோறும் அத்தகைய இணக்கம் நிலைபெறுவதாக!

வேலும் மயிலும் துணை.