தன்னை ஆக்கியவன் பெயரை எழுதிய பாவை

1928-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் ஒரு நாள், அமெரிக்க நாட்டின் பிலடெல்பியா நகரிலுள்ள பிராங்க்ளின் கழகம் என்னும் அறிவியல் நிலையத்தின் முன் ஒரு சரக்கு வண்டி வந்து நின்றது. அதிலிருந்து இறக்கப்பட்டவை ஒரு பித்தளை இயந்திரத்தின் சிதைந்த உறுப்புகள். அந்நகரில் செல்வராய் வாழ்ந்த ஜான் பென் புரோக் என்பவரின் வழித்தோன்றல்கள் அவற்றைக் கொடையாக அனுப்பியிருந்தனர். மனித உருவில் அமைந்த பாவை அது. ஒரு காலத்தில் எழுதவும் படம் வரையவும் வல்லதாயிருந்தது என்று குடும்பத்தார் கூறினர். தீயில் அகப்பட்டுச் சேதமுற்றிருந்தது. அதைச் செய்தவர் மெல்ட்சல் என்பதும் அவர்கள் வழிவழியாகக் கேட்டு வந்த செய்தி.

இந்த மெல்ட்சல் யாரெனில், சதுரங்கம் ஆடும் துருக்கியப் பாவை ஒன்றை ஊர் ஊராகக் கொண்டு சென்று மக்களை வியக்க வைத்தவர். அந்தப் பாவையின் பெட்டிக்குள் ஓர் ஆள் ஒளிந்திருந்து காய்களை நகர்த்தினான் என்பது பின்னர் வெளிப்பட்டது. புரோக் குடும்பத்தார் கொடுத்த பாவையிலோ அத்தகைய கள்ளம் ஏதுமில்லை. அதனுள் இருந்தவை சக்கரங்களும் நெம்புகோல்களும் சுருள்விற்களுமே.

உயிரற்ற பித்தளை எவ்வாறு எழுதும் என்று வாசகர் கேட்கக்கூடும். பூவேலை செய்யும் தையல் இயந்திரத்தை நம் இல்லத்தரசியர் பலர் அறிவர். அதில் மாட்டப்படும் சிறு வட்டத் தட்டின் விளிம்பு சீரான வட்டமாயிராது. மேடும் பள்ளமுமாக இருக்கும். அந்த மேடுபள்ளத்தைத் தொட்டுச் செல்லும் ஒரு முள் ஊசியை இடமும் வலமும் அசைக்க, துணியில் பூ மலர்கிறது. இப்பாவையின் அடிப்பெட்டியில் அடுக்கியிருக்கும் பித்தளைத் தட்டுகளும் அத்தகையனவே. அவை சுழலும்போது எஃகு விரல்கள் அவற்றின் விளிம்பைத் தடவிச் செல்லும். ஒன்று கையைப் பக்கவாட்டில் நகர்த்தும். மற்றொன்று முன்னும் பின்னும் செலுத்தும். வேறொன்று பேனாவைத் தாளினின்று உயர்த்தித் தாழ்த்தும். இம்மூன்று அசைவுகளும் ஒன்றுசேர்ந்ததே எழுத்து; அவையே ஓவியமும். ஆகவே பாவையின் நினைவு அதன் தலையில் இல்லை. தட்டுகளின் விளிம்பில் இருக்கிறது.

பழுதுபார்ப்பவருக்கு வரும் அச்சமும் இங்கேதான் தொடங்குகிறது. வளைந்த தண்டை நிமிர்த்தலாம். பல் முறிந்த சக்கரத்துக்குப் புதுப் பல் வைத்து, அரத்தால் அளவாக ராவி விடலாம். கடையில் கிடைக்காத திருகைக் கடைசல் இயந்திரத்தில் கடைந்தெடுக்கலாம். பழைய எண்ணெய் பிசினாய் இறுகியிருந்தால் அதைக் கரைத்துக் கழுவிப் புது எண்ணெய் இடலாம். ஆனால் அந்தத் தட்டின் விளிம்பில் அரம் படக்கூடாது. துருத்திக்கொண்டு தெரியும் ஒரு புள்ளியைப் பிழை என்றெண்ணித் தேய்த்துவிட்டால், அது ஒரு கப்பலின் பாய்மரக் கயிறாக இருந்திருக்கலாம்; ஒரு சொல்லின் தொடக்கமாகவும் இருந்திருக்கலாம். தேய்த்ததைத் திரும்ப வைக்க முடியாது.

பெட்டியைத் திறக்கும் முன் செய்ய வேண்டியதும் ஒன்றுண்டு. முறுக்கேறிய சுருள்வில்லை முதலில் மெல்ல மெல்லத் தளர்த்திவிட வேண்டும். அவசரப்பட்டுத் திறப்பவனின் விரலும் தப்பாது, சக்கரங்களின் பற்களும் தப்பா. பின்னர் ஒவ்வோர் உறுப்பையும் கழற்றும்போதே அது எங்கிருந்தது, எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்று குறித்து வைக்க வேண்டும். இத்தொழிலில் கைத்திறனைக் காட்டிலும் பொறுமைக்கே மதிப்பு அதிகம் என்பது நம் கருத்து.

பிராங்க்ளின் கழகத்தின் இயந்திரப் பணியாளர் ஒருவர் இப்பாவையை மீண்டும் இயங்கச் செய்தார். அப்போது மாற்றமும் ஒன்று செய்யப்பட்டது. ஆதியில் அதன் கையில் இறகுப் பேனாவோ தூரிகையோ இருந்திருக்க வேண்டும். அதற்குப் பதிலாக மை ஊற்றிய பேனா பொருத்தப்பட்டது. சாவி கொடுத்து விசையை விடுவித்தபோது பாவை நான்கு ஓவியங்களை வரைந்தது. கப்பல் ஒன்று, சீனக் கோவில் ஒன்று. மூன்று கவிதைகளையும் எழுதிற்று. அவற்றுள் இரண்டு பிரெஞ்சு மொழியிலும் ஒன்று ஆங்கிலத்திலும் அமைந்தவை. கடைசிக் கவிதையின் ஓர வேலைப்பாட்டில், இது மயார்தேயின் இயந்திரப் பாவையால் எழுதப்பட்டது என்னும் பொருளுடைய பிரெஞ்சுச் சொற்கள் இருந்தன!

குடும்பத்தார் நம்பிய மெல்ட்சல் அல்லர்; 1800-ஆம் ஆண்டையொட்டி இலண்டனில் தொழில் நடத்திய சுவிட்சர்லாந்து நாட்டுக் கைவினைஞர் ஆன்றி மயார்தே என்பவரே அதைப் படைத்தவர். நெடுங்காலம் மறைந்திருந்த உண்மை, ஏடுகளைப் புரட்டியதால் அன்று, பழுது நீக்கியதால் வெளிப்பட்டது. பேனாவை மாற்றியவர்கள் விளிம்பையும் "சீர்திருத்தி" இருந்தால் அந்தப் பெயர் என்னவாகியிருக்கும்? திருவிழாதோறும் நம் ஆலயச் சுரூபங்களுக்கு மேலும் மேலும் எனாமல் வர்ணம் பூசி, பழைய சிற்பி செதுக்கிய முகத்தை மறைத்துவிடும் நம்மவர் சற்றே எண்ணிப் பார்க்கலாம். 2007-ஆம் ஆண்டில் இப்பாவை மறுபடியும் பழுதுபார்க்கப்பட்டது. அதே ஆண்டில் வெளிவந்த பிரையன் செல்ஸ்னிக்கின் சிறுவர் நாவலுக்கும், அதைத் தழுவி 2011-இல் வந்த 'ஹியூகோ' திரைப்படத்துக்கும் தூண்டுதலாய் இருந்தவற்றுள் இதுவும் ஒன்று.

மாற்றம் செய்வதே தவறு என்று நாம் சொல்ல வரவில்லை. சுவிட்சர்லாந்தின் நெஷாதெல் நகரக் காட்சிசாலையில் ழாக்கே-துரோ குடும்பத்தார் 1774-இல் செய்து முடித்த மூன்று பாவைகள் இருக்கின்றன. அவற்றுள் எழுதும் சிறுவனின் உடலில் ஏறத்தாழ 6,000 உறுப்புகள் உண்டு. அவன் இறகை மையில் தோய்த்து, உதறி, எழுதும் வரியைக் கண்ணால் தொடர்கிறான். அவன் முதுகுப்புறத்தைத் திறந்து ஒரு சக்கரத்தில் எழுத்துகளுக்குரிய குறிகளை மாற்றி அமைத்தால், 40 எழுத்துகளுக்குள் எந்த வாசகத்தையும் எழுதுவான். மாற்றுவதற்கு வழியைப் படைத்தவரே விட்டு வைத்திருக்கிறார். ஒரு விளிம்பையும் தேய்க்க வேண்டியதில்லை.

இப்பாவைகளை மாதந்தோறும் முதல் ஞாயிற்றுக்கிழமைதான் மக்கள் முன் இயக்கிக் காட்டுகின்றனர். ஓயாது இயக்கினால் உலோகம் தேயும். இயக்காமலே வைத்திருந்தால் எண்ணெய் இறுகிவிடும். பாவைக்கு என்ன நோய் என்பதும் தெரியாமற்போகும். இவ்விரண்டுக்கும் நடுவே எங்கே நிற்பது என்பது, இவற்றைக் காப்பவர்கள் தீர்த்தாக வேண்டிய வழக்கு.

நம் வாசகர்களுக்கு மிகவும் நெருக்கமான பாவை ஒன்று வாஷிங்டனிலுள்ள ஸ்மித்சோனியன் நிறுவனத்தில் 1977 முதல் இருக்கிறது. 16-ஆம் நூற்றாண்டில் மரத்தாலும் இரும்பாலும் செய்யப்பட்ட, ஏறத்தாழ 40 செ.மீ. உயரமுள்ள துறவி அது. ஸ்பெயின் மன்னர் இரண்டாம் பிலிப்பின் மகன் தோன் கார்லோஸ் 1562-இல் படிக்கட்டில் விழுந்து தலையில் படுகாயமுற்றான். பிரான்சிஸ்கன் சபைச் சகோதரர் தியேகோவின் திருப்பண்டம் அவனது படுக்கையருகே கொண்டுவரப்பட்டது; அவன் பிழைத்தான். தியேகோவுக்கு 1588-இல் பாப்பரசர் ஐந்தாம் சிக்ஸ்துஸ் புனிதர் பட்டம் அளித்தார். மன்னர் தம் நன்றிக்கு அடையாளமாக, துரியானோ என்னும் கடிகாரக் கலைஞரைக் கொண்டு இத்துறவியைச் செய்வித்தார் என்பது மரபு.

பித்தளைப் பாவைக்கு அழுக்கு பகை என்றால், இரும்பு உள்ளுறுப்புகள் கொண்ட இத்துறவிக்குத் துரு பகை. அங்கியின் கீழ் பாதங்கள் அடியெடுத்து வைப்பதுபோல் தோன்றும். உண்மையில் நகர்த்துபவை சக்கரங்களே. சாவி கொடுத்தால் அவர் சதுரப் பாதையில் நடக்கிறார். வலக்கையால் மார்பில் தட்டிக்கொள்கிறார். இடக்கையிலுள்ள சிலுவையையும் செபமாலையையும் உயர்த்தித் தாழ்த்துகிறார். அவ்வப்போது சிலுவையை வாயருகே கொண்டுவந்து முத்தி செய்கிறார். கண்கள் சுழல்கின்றன. ஓசையின்றி உதடுகள் அசைகின்றன.