வெள்ளி கலந்த கொலாஜன் கட்டு: கேட்க வேண்டியதைக் கேளுங்கள்

சித்திரை வெயிலில் ஸ்ரீரங்கம் பிரகாரத்துக் கல்தரையில் வெறுங்காலோடு நடக்கும் சர்க்கரை நோயாளிக்குப் பாதம் பொத்துப்போவது தெரிவதில்லை. நரம்பு மரத்த காலில் வலி இருக்காது. வீட்டுக்கு வந்து காலைக் கழுவும்போதுதான் கொப்புளம் கண்ணில் படும். அதுவே ஆறாத புண்ணாகி, திருச்சி தில்லைநகர் பக்கம் மருத்துவமனை ஏறி இறங்கும்போது, “வெள்ளி நானோ கலந்த கொலாஜன் ஷீட் வைக்கலாமா?” என்ற பேச்சு வரக்கூடும்.

கொலாஜன் நம் தோலையும் தசைநாணையும் தாங்கி நிற்கும் புரதம். மாடு, பன்றி, மீன் ஆகியவற்றின் தோல் போன்ற பகுதிகளிலிருந்து பிரித்துச் சுத்திகரித்து மெல்லிய ஏடாக்குகிறார்கள். சென்னை அடையாறில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் கொலாஜன் ஆய்வில் நெடுங்காலமாக ஈடுபட்டிருக்கிறது. வெறும் கொலாஜன் புண்ணில் ஊறும் நொதிகளில் சீக்கிரம் கரைந்துவிடும். குளூட்டரால்டிஹைடு சேர்த்து இறுக்கினால், மிச்சம் தங்கும் ரசாயனம் செல்களுக்கு நஞ்சு. அதனால்தான் 100 நானோமீட்டருக்குள் அடங்கும் வெள்ளித் துகள்களைக் கொலாஜன் இழைகளோடு பிணைத்துப் பார்க்கிறார்கள். இழை உறுதிப்படும், வெள்ளி அயனிகள் கிருமியைக் கொல்லும். அளவு மிஞ்சினால் அதே வெள்ளி, புதிதாக முளைக்கும் தோல் செல்களையும் தாக்கும்.

நம்பிக்கை தரும் ஆய்வுதான். ஆனால் ஆய்வகத்தில் கிருமி செத்ததும் காலில் புண் ஆறியதும் ஒன்றல்ல. சர்க்கரை நோய்ப் பாதத்துக்கான சர்வதேச நிபுணர் குழு 2023இல் வெளியிட்ட வழிகாட்டுதல், புண் ஆறுவதற்காகவே கிருமிநாசினிக் கட்டுகளையும் கொலாஜன் கட்டுகளையும் வழக்கமாகப் பயன்படுத்த வேண்டாம் என்கிறது. சர்க்கரைக் கட்டுப்பாடு, செத்த சதையை அகற்றுதல், புண்மேல் உடல் எடை விழாமல் காப்பது, ரத்த ஓட்டப் பரிசோதனை ஆகியவைதான் அடிப்படை. இவற்றைச் செய்யாமல் விலை கூடிய ஷீட்டை மட்டும் மாற்றிக்கொண்டே இருந்தால், காலை இழக்கும் நாள்தான் நெருங்கும்.

எந்த விலங்கின் கொலாஜன் என்று கேளுங்கள். மாட்டுப் பொருளோ பன்றிப் பொருளோ கூடாது என்று இருக்கும் குடும்பங்கள் ஸ்ரீரங்கத்தில் ஏராளம். ஒவ்வாமை உள்ளவர்களுக்கும் இது முக்கியம். கூச்சமே வேண்டாம், பதில் சொல்வது மருத்துவரின் கடமை. 2017ஆம் ஆண்டு மருத்துவச் சாதன விதிகளின்படி ஷீட் வரும் அட்டைப்பெட்டியில் உரிம எண், பேட்ச் எண், காலாவதித் தேதி இருக்க வேண்டும். அச்சிட்ட அதிகபட்ச விலைக்கு மேல் பில் போடக் கூடாது. “புதுசா வந்திருக்கு, சோதனை முறையில வைக்கிறோம்” என்றால், நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் உங்கள் எழுத்துப்பூர்வ சம்மதமும் கட்டாயம். மறுத்தாலும் வழக்கமான சிகிச்சையை நிறுத்த முடியாது. சோதனையால் பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சைக்கும் இழப்பீட்டுக்கும் வழி உண்டு.

கட்டுப் போட்டபின் எரிச்சல், வீக்கம், தோல் கருநீலமாவது போன்றவை தெரிந்தால் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். சாதனங்களால் வரும் பாதிப்பைப் பதிவு செய்ய 1800-180-3024 என்ற இலவச எண் இருக்கிறது. சிகிச்சை ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். பணம் கட்டிப் பெறும் சிகிச்சை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. திருச்சி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் மனுப் போடலாம். நீங்கள் கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமில்லை. முழுக்க இலவசமான அரசு மருத்துவமனைக்கு இந்த வழி பொருந்தாது. புத்தூர் அரசு மருத்துவமனை என்றால் டீனிடம் எழுதிக் கொடுங்கள். சட்ட உதவிக்கு 15100 என்ற எண்ணில் அழைக்கலாம்.

ஆதாரம் இல்லாமல் எந்தப் புகாரும் நிற்காது. அடுத்த முறை கட்டு மாற்றும்போது அந்த அட்டைப்பெட்டியைக் கேட்டு வாங்கி, பில்லோடு சேர்த்துப் பத்திரமாக வையுங்கள்.