மலை விவசாயியின் துப்பாக்கி

வேலூர், ஆம்பூர் ஊர்களை ஒட்டிய ஜவ்வாது மலையில் சாமை விதைப்பவருக்குக் காட்டுப்பன்றி பெருந்தொல்லை. அவர் துப்பாக்கி வைத்திருப்பது உரிமையா, சலுகையா? 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் உறுப்பினர் எச்.வி. காமத் ஆயுதம் வைத்திருப்பதை அடிப்படை உரிமையாக்கக் கேட்டார்; சபை ஏற்கவில்லை. எனவே அது அடிப்படை உரிமை அல்ல. அதுவே சரி. ஆனால் வெறும் சலுகையும் அல்ல. பயிர்க்காவலுக்கு உரிமம் கேட்க 1959 ஆயுதச் சட்டம் வழிவிடுகிறது. சொத்தில்லை என்பதற்காக மட்டும் மறுக்கக்கூடாது; மறுத்தால் காரணத்தைப் பதிவுசெய்ய வேண்டும்; மேல்முறையீடும் உண்டு. ஏழைக்கும் பொருந்தும் இந்தப் பாதுகாப்பே எனக்கு முக்கியம்.

உரிமம் பெருகினால் கொலை பெருகும் என்பார்கள். நியாயமான அச்சம்தான்; ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தமும் ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிதான் என்றது. ஆனால் கணக்கில் வராத நாட்டுத் துப்பாக்கி உரிமம் பெற்ற துப்பாக்கியைவிட ஆபத்து. மேலும், உரிமம் இருந்தாலும் பன்றியைச் சுட 1972 வனவிலங்குச் சட்டப்படி தனி அனுமதி வேண்டும்.