பல அட்டவணையும் ஒரு படிவமும்

சங்கப் பாடல்களைத் தரவுத்தளத்தில் அமைப்போர் பாடல், புலவர், உரை என்பவற்றைத் தனித்தனி அட்டவணைகளில் வைப்பர். 1970இல் எட்கர் காட் வகுத்த உறவுமுறைக் கொள்கையைத் தழுவியது இம்முறை. கபிலர் பெயரைப் பாடல்தோறும் எழுதாது, புலவர் அட்டவணையில் ஒருமுறை எழுதி, அவர்க்குரிய எண்ணை மட்டும் பாடலோடு பொருத்துவர்.

ஆய்வாளர்க்கோ அனைத்தும் ஒரே படிவத்தில் தோன்றுதல் வேண்டும். ஈண்டு இரு பிழைகள் நேரக்கூடும் என்பதை நாம் உணர்தல் வேண்டும்.

ஒன்று, குறைதல். இரண்டு அட்டவணையிலும் பொருந்துவனவற்றை மட்டும் தரும் உள்ளிணைப்பைக் கையாளின், புலவர் பெயர் அறியப்படாப் பாடல்கள் மறைந்துவிடும். அத்தகையன சங்க இலக்கியத்துள் 102 என்பர். பாடல் அட்டவணையை முழுமையாகக் கொள்ளும் வெளியிணைப்பே அவற்றைக் காக்கும்.

மற்றொன்று, மிகுதல். ஒரு பாட்டிற்கு மூன்று உரைகள் இருப்பின், இணைப்பில் அப்பாட்டு மும்முறை வரும். அவ்வரிசைகளை எண்ணிக் கூறும் தொகை பொய்க்கும். ஆதலின் பாடலை முதன்மைப் படிவத்திலும், உரைகளை அதனுள் அடங்கிய துணைப்படிவத்திலும் காட்டுதல் தகும்.

படிவத்தைக் கொண்டு எண்ணிக்கை கூறப் புகுவோர், அதனைப் பாடல் அட்டவணையின் தொகையோடு முன்னரே ஒப்பிட்டு நோக்குதல் கடன் என்பது நம் கருத்து.