முதல் திறன்பேசி வாங்கப் போகிறீர்களா? கேமராவைக் கடைசியில் பாருங்கள்

ஜெலுத்தோங் – சந்தையில் மீன் வாங்கும் அம்மா செவுளைத் தூக்கிப் பார்க்காமல் காசை எடுக்க மாட்டார். கண் தெளிவாக இருக்கிறதா, விரலால் அழுத்தினால் சதை மேலே எழும்புகிறதா என்று பார்த்த பிறகுதான் விலை பேசுவார். அதே அம்மா மகனோடு கொம்தார் பக்கம் போய்த் திறன்பேசி வாங்கும்போது, கடைக்காரர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு வந்துவிடுகிறார். கேமரா எத்தனை மெகாபிக்சல், இலவசமாக உறை உண்டா என்பதோடு கேள்வி முடிந்துவிடுகிறது.

இத்தனைக்கும் பினாங்கு மக்களுக்குக் கணினி புதிதல்ல. 1972-இல் பாயான் லெப்பாஸ் வர்த்தக மண்டலத்தில் இண்டெல் நிறுவனம் தன் முதல் வெளிநாட்டுத் தொழிற்சாலையைத் திறந்தது. அன்று முதல் ஜெலுத்தோங், சுங்கை பினாங்கு வட்டாரங்களிலிருந்து தொழிற்சாலைப் பேருந்து ஏறிப் போய்ச் சில்லுகளைப் பொருத்தியும் சோதித்தும் கொடுத்தவர்களில் நம்மவர்களும் உண்டு. பணி ஓய்வு பெற்ற பிறகு, அப்படிப்பட்ட ஒருவருக்கே தன் முதல் கையடக்கக் கணினியைத் தேர்ந்தெடுப்பது குழப்பமாக இருந்தால் அது அவர் தவறு அல்ல. பெட்டியின் மேல் எழுதியிருப்பவை, தேவையானதைவிடத் தேவையில்லாததைத்தான் பெரிதாகச் சொல்கின்றன.

இது தொலைபேசி அல்ல, பணப்பெட்டியின் சாவி

திறன்பேசி என்பது பேசவும் வாட்ஸ்அப் பார்க்கவும் மட்டும் என்றிருந்த காலம் போய்விட்டது. மருத்துவமனைச் சந்திப்பு, கேடபிள்யூஎஸ்பி கணக்கு, வருமான வரி, பிள்ளையின் பள்ளி அறிவிப்பு எல்லாம் இதன் வழியாகவே வருகின்றன.

இவற்றில் முக்கியமானது வங்கி. 2022 செப்டம்பரில் பேங்க் நெகாரா வங்கிகளுக்குச் சில உத்தரவுகளைப் பிறப்பித்தது. குறுஞ்செய்தியில் ஓடிபி எண் அனுப்பும் முறையைப் படிப்படியாகக் கைவிட வேண்டும், ஒரு வாடிக்கையாளர் ஒரே ஒரு கருவியில் மட்டும் பணப் பரிமாற்றத்தை உறுதிப்படுத்த வேண்டும், புதிய கருவியைப் பதிந்தால் சிறிது நேரம் காத்திருக்க வேண்டும் என்பவை அவற்றுள் அடங்கும். அதாவது, உங்கள் கையில் இருக்கும் அந்த ஒரு திறன்பேசிதான் சேமிப்புக்குச் சாவி.

சாவி வாங்கும்போது அழகைப் பார்ப்பதில்லை, உறுதியைத்தான் பார்க்கிறோம். திறன்பேசிக்கும் அதுவே பொருந்தும்.

எத்தனை ஆண்டு பாதுகாப்புப் புதுப்பிப்பு?

கடையில் முதலில் கேட்க வேண்டியது இது. மோசடிக்காரர்கள் புதுப்புது ஓட்டைகளைக் கண்டுபிடிக்கும்போது, தயாரிப்பாளர்கள் அவற்றை அடைத்து இணையம் வழியாகப் புதுப்பிப்பு அனுப்புகிறார்கள். ஆனால், எல்லாக் கருவிக்கும் எல்லாக் காலமும் அனுப்புவதில்லை. மலிவான சில வகைகளுக்கு இரண்டு ஆண்டுகளோடு நின்றுவிடும். கூகுள் 2023-இல் பிக்சல் 8-க்கும், சாம்சுங் 2024-இல் எஸ்24 வரிசைக்கும் ஏழு ஆண்டு என்று அறிவித்தன. அதன் பின் சில நடுத்தர விலைக் கருவிகளுக்கும் காலம் நீண்டுள்ளது.

இந்தக் கணக்கு, வாங்கும் நாளிலிருந்து அல்ல, அந்த வகை சந்தைக்கு வந்த நாளிலிருந்து தொடங்குகிறது. மூன்று ஆண்டுக்கு முன் வந்த வகையைத் தள்ளுபடியில் வாங்கினால் மூன்று ஆண்டு ஏற்கெனவே கழிந்துவிட்டது என்று பொருள். புதுப்பிப்பு நின்ற கருவியில் நாளடைவில் வங்கிச் செயலிகளும் ஓட மறுக்கும்.

நினைவகம்: அடுக்களை மேடையும் மளிகை அலமாரியும்

பெட்டியில் "8 ஜிபி + 128 ஜிபி" என்று இரண்டு எண்கள் இருக்கும். முதல் எண் ரேம். அது அடுக்களை மேடை போன்றது. மேடை அகலமாக இருந்தால் காய் நறுக்கிக்கொண்டே மாவும் பிசையலாம். இரண்டாவது எண் சேமிப்பகம். அது மளிகை அலமாரி. படம், காணொளி, செயலி எல்லாம் அங்கேதான் தங்கும்.

இன்றைய நிலையில் ரேம் 4 ஜிபிக்குக் குறையக் கூடாது. 6 அல்லது 8 இருந்தால் நிம்மதி. சேமிப்பகம் 128 ஜிபி இருப்பது நல்லது. தினமும் வரும் காலை வணக்கப் படங்களும் கோயில் திருவிழாக் காணொளிகளுமே ஓராண்டில் 32 ஜிபியை நிரப்பிவிடும்.

ஒரு வித்தையைக் கவனியுங்கள். சில பெட்டிகளில் "16 ஜிபி" என்று பெரிய எழுத்திலும், "8 + 8" என்று சிறிய எழுத்திலும் இருக்கும். உண்மையான ரேம் 8 மட்டுமே. மற்ற 8 சேமிப்பகத்திலிருந்து கடன் வாங்கியது. அலமாரியின் ஒரு தட்டை மேடையாக்கிக்கொள்வது போன்ற வேலை அது. அதற்காகக் கூடுதல் காசு கொடுக்கத் தேவையில்லை.

தோட்டத்தில் எந்த லைன் எடுக்கும்?

நம் நாட்டில் 3ஜி சேவை 2021 இறுதியோடு மூடப்பட்டது. அதனால் பலர் கையிலிருந்த நல்ல கருவிகள் வேகமான இணையம் எடுக்காத பெட்டிகளாயின. எனவே குறைந்தது 4ஜி இருக்க வேண்டும். அதோடு, 4ஜி வழியாகவே குரல் அழைப்பு எடுக்கும் வோல்ட்டி வசதி, நீங்கள் வைத்திருக்கும் லைனில் அந்த வகைக் கருவிக்கு வேலை செய்யுமா என்று கேளுங்கள். இல்லாவிட்டால், பேசும்போது கருவி பழைய 2ஜிக்கு இறங்கிவிடும்.

5ஜி சேவை 2021 டிசம்பரில் தொடங்கியது. பட்ஜெட்டுக்குள் கிடைத்தால் எடுத்துக்கொள்ளலாம். 5ஜிக்காக மட்டும் ரேமையும் பாதுகாப்புப் புதுப்பிப்பையும் விட்டுக்கொடுப்பது லாபமில்லை.

ஜெலுத்தோங்கில் பிள்ளை வாங்கித் தோட்டத்தில் இருக்கும் பெற்றோருக்கு அனுப்பும் வழக்கம் உண்டு. அப்படியானால் சிம் அட்டையைப் பிள்ளை தேர்ந்தெடுக்கக் கூடாது. லயத்து வீட்டின் வாசலில் எந்த லைன் எடுக்கிறது என்று அங்கிருக்கும் அண்டை வீட்டாரைத்தான் கேட்க வேண்டும். சிம் பெற்றோரின் மைகாட்டிலேயே பதியப்பட வேண்டும். வங்கியும் வாட்ஸ்அப்பும் அந்த எண்ணை நம்பி நிற்பதால், டாப் அப் செய்ய மறந்து எண் காலாவதியாகிவிடாமல் பார்த்துக்கொள்வதும் பிள்ளையின் கடமை.

தமிழ் தெரியுமா அதற்கு?

கையடக்கக் கணினி முதலில் ஆங்கிலம் தெரிந்தவர்களுக்காகவே வந்தது. 1996-இல் வெளிவந்த பால்ம் பைலட் கருவியின் தொடக்க வகைக்கு 128 கேபி நினைவகம்தான். இன்றைய 4 ஜிபி அதைப்போல் முப்பதாயிரம் மடங்குக்கும் மேல். இந்தியாவில் பெங்களூரு அறிவியலாளர்கள், ஆங்கிலம் அறியாத ஏழை மக்களும் பயன்படுத்த வேண்டும் என்று சிம்ப்யூட்டர் என்ற கைக்கணினியை உருவாக்கினார்கள். ஒரு கருவியை ஊரே பகிர்ந்துகொள்ளலாம், ஆளுக்கொரு அட்டை போதும் என்பது அவர்கள் எண்ணம். அது 2004-இல் விற்பனைக்கு வந்தது, ஆனால் எதிர்பார்த்தபடி பரவவில்லை. மக்கள் கையில் கணினியைக் கொண்டு சேர்த்தது கைப்பேசிதான்.

அந்தக் கைப்பேசியில் தமிழைக் கொண்டு வந்ததில் மலேசியர் ஒருவருக்குப் பெரும் பங்குண்டு. முரசு அஞ்சல் மென்பொருளை உருவாக்கிய முத்து நெடுமாறனின் செல்லினம், 2005 பொங்கல் நாளில் சிங்கப்பூரில் அறிமுகம் கண்டது. அன்று அனுப்புபவர், பெறுபவர் இருவர் கைப்பேசியிலும் அது இருந்தால்தான் தமிழில் குறுஞ்செய்தி படிக்க முடியும். 2013-இல் ஐபோனிலேயே தமிழ் விசைப்பலகை சேர்ந்தது. இன்று எந்த நல்ல திறன்பேசியிலும் தமிழ் எழுத்து தெரியும். ஆனால் தெரிவது வேறு, எழுத வருவது வேறு.

கடையிலேயே சோதித்துப் பாருங்கள். அமைப்புகளுக்குள் போய் மொழியைத் தமிழுக்கு மாற்றச் சொல்லுங்கள். கூகுள் விசைப்பலகையிலோ செல்லினத்திலோ உங்கள் பெயரை எழுதிப் பாருங்கள். எழுதப் பழக்கமில்லாத பெரியவர்களுக்கு ஒலிவாங்கி பொத்தான் போதும். கூகுளின் குரல் உள்ளீட்டில் இந்தியா, இலங்கை, சிங்கப்பூர் தமிழோடு மலேசியத் தமிழும் தனியே உண்டு. "அய்யா, நாளைக்குக் கிளினிக்குக்கு எத்தனை மணிக்கு வரணும்?" என்று பேசினால் அது எழுத்தாக வந்து நிற்பதைப் பாட்டி ஒருமுறை பார்த்துவிட்டால், அடுத்த செய்தியை அனுப்ப யாரையும் கூப்பிட மாட்டார்.

மலேசியா செட்டா, ஏபி செட்டா?

ஒரே வகைக் கருவி ஒரு கடையில் 799 ரிங்கிட், பக்கத்துக் கடையில் 650 ரிங்கிட் என்றால் காரணம் பெரும்பாலும் இதுதான். தயாரிப்பாளரின் உள்நாட்டு விநியோகம் வழியாக வருவது மலேசியா செட். வேறு நாட்டுச் சந்தைக்கென்று செய்யப்பட்டதைக் கொண்டு வந்து விற்பது ஏபி செட். ஏபி செட்டுக்கு உத்தரவாதம் கடைக்காரர் கொடுப்பது மட்டுமே. நிறுவனத்தின் சேவை மையம் அதை ஏற்காது. கடை மூடினால் உத்தரவாதமும் மூடிக்கொள்ளும்.

சிரிம் – எம்சிஎம்சி சான்று உண்டா என்று கேளுங்கள். அழைப்புத் திரையில் *#06# என்று அழுத்தினால் 15 இலக்க ஐஎம்இஐ எண் வரும். அது பெட்டியில் இருக்கும் எண்ணோடு ஒத்துப்போக வேண்டும். பழைய கருவி வாங்குவதாக இருந்தால் இந்தச் சோதனை இன்னும் அவசியம். முன்பு வைத்திருந்தவர் தன் கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கிலிருந்து உங்கள் கண்ணெதிரே வெளியேற வேண்டும். இல்லாவிட்டால் அழித்துத் தொடங்கும்போது கருவி பூட்டிக்கொள்ளும்.

ரசீதில் கடையின் பெயர், கருவியின் வகை, ஐஎம்இஐ, "மலேசியா செட்" என்ற சொல் எல்லாம் எழுதி வாங்குங்கள். "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று சுவரில் ஒட்டியிருந்தாலும், பழுதான பொருளுக்கு 1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் துணை நிற்கும். பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 5 ரிங்கிட் கட்டணத்தில் 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையைத் தாக்கல் செய்யலாம், வழக்கறிஞர் வேண்டியதில்லை. ஜெலுத்தோங் மக்களுக்கு ஆலோசனை தேவைப்பட்டால், ஜாலான் மஸ்ஜித் நெகிரியில் உள்ள பினாங்கு பயனீட்டாளர் சங்கம் தொலைவில் இல்லை.

மின்கலம், திரை, பிறகு கேமரா

மின்கலம் 5,000 எம்ஏஎச் இருந்தால் பெரும்பாலோருக்கு ஒரு நாள் தாராளமாகத் தாங்கும். வெளிவேலை செய்பவர்கள் வெயிலில் திரை தெரிகிறதா என்று கடைக்கு வெளியே வந்து பார்க்க வேண்டும். மழையிலும் வியர்வையிலும் புழங்குபவர்கள் ஐபி எண்ணைக் கேட்கலாம். ஐபி67 என்றால் ஒரு மீட்டர் ஆழ நன்னீரில் 30 நிமிடம் தாங்கும். ஐபி54 என்றால் தெறிக்கும் நீருக்கு மட்டும். பெரியவர்களுக்கு ஒலிபெருக்கியின் சத்தத்தையும் எழுத்தைப் பெரிதாக்கும் வசதியையும் சோதியுங்கள்.

பள்ளிப் பிள்ளைக்கென்றால் தட்டைக் கணினி கண்ணுக்கு நல்லது. நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில் மூன்று பிள்ளைகள் ஒரே கைப்பேசியில் மாறி மாறிப் பாடம் படித்த வீடுகளுக்கு அந்த வேறுபாடு தெரியும். வைஃபை மட்டும் உள்ளதா, சிம் போடலாமா என்பதைக் கேட்டு வாங்குங்கள். அப்பாவின் வங்கிச் செயலி இருக்கும் திறன்பேசியைப் பிள்ளையின் விளையாட்டுக்குக் கொடுக்காமல் இருப்பதும் பாதுகாப்புதான்.

கேமராவில் மெகாபிக்சல் எண் மட்டும் தரத்தைச் சொல்லாது. கடையின் நிழலான மூலையில் ஒரு படம் எடுத்துப் பார்த்தால் போதும்.

வீட்டுக்கு வந்த முதல் நாள்

வாங்கிய அன்றே திரைப் பூட்டு போடுங்கள். கூகுள் கணக்கின் கடவுச்சொல்லை வீட்டில் ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள்; திறன்பேசியின் உறைக்குள் அல்ல. வாட்ஸ்அப்பில் இரண்டாம் கட்டப் பின் எண்ணை இயக்குங்கள். செயலிகளை அதிகாரப்பூர்வக் கடையிலிருந்து மட்டும் இறக்குங்கள்.

முக்கியமாக, கல்யாண அழைப்பிதழ், உதவித்தொகை, வீடு துப்புரவுச் சேவை என்று ஏதாவது ஒரு பெயரில் வரும் ஏபிகே கோப்பைத் திறக்கவே வேண்டாம். சொந்தக்காரர் எண்ணிலிருந்து வந்தாலும் சரி, அவருடைய கணக்கே திருடப்பட்டிருக்கலாம். உண்மையான அழைப்பிதழ் படமாக வரும், செயலியாக வராது. தவறி அழுத்திப் பணம் போனால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே உங்கள் வங்கியையும், தேசிய மோசடி நடவடிக்கை மையத்தின் 997 எண்ணையும் அழைக்க வேண்டும். பணம் அடுத்தடுத்த கணக்குக்குத் தாவுவதற்கு முன் தடுக்க, ஒவ்வொரு நிமிடமும் கணக்கு.

இதையெல்லாம் பெற்றோருக்குச் சொல்லித்தர ஒரு மாலை ஆகும். பிள்ளைகள் அந்த ஒரு மாலையை ஒதுக்க வேண்டும். கருவியை வாங்கிக் கையில் கொடுத்துவிட்டு, "யூடியூப்ல பாருங்கம்மா" என்று போய்விட்டால், வாங்கிக் கொடுத்தது பாதிதான்.